வடகோடி ஆறுகளின் நீர்க் கணக்கு ஏன் இடிக்கிறது?

ஒரு ஆற்றின் நீர்க் கணக்கு கேட்பதற்கு மளிகைக் கடைக் கணக்கு மாதிரிதான் இருக்கும். வானத்திலிருந்து விழுந்தது வரவு. ஆவியாகப் போனதும் ஆற்றில் ஓடிக் கடலில் கலந்ததும் செலவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையிருப்பு, அதாவது மண்ணிலும் ஏரியிலும் பனிக்கட்டியிலும் தங்கிய தண்ணீர். நான்கே இனங்கள்தான், நான்கையும் அளந்துவிட்டால் கணக்கு நேராக வேண்டும். வட துருவத்தை ஒட்டிய ஆறுகளில் அது நேராவதே இல்லை. ஏன் என்று துருவிப் பார்க்கப் போனால், அங்கே ஒரு குளிர்காலப் பனி எவ்வளவு விழுந்தது என்பதைக்கூட நம்மால் ஒழுங்காகச் சொல்ல முடியாத நிலை இருப்பது தெரிகிறது.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது சைபீரியாவையும் அதற்கு மேற்கே உள்ள வட ரஷ்யாவையும் சேர்ந்த ஆறுகளைப் பற்றிய ஒரு ஆய்வினால். 2002இல் புரூஸ் பீட்டர்சனும் அவருடைய குழுவினரும் சயின்ஸ் இதழில் வெளியிட்டது அது. யெனிசெய், லேனா, ஓப், பெச்சோரா, வடக்கு த்வினா, கோலிமா ஆகிய ஆறு பெரிய ஆறுகள் 1936 முதல் 1999 வரை ஆர்க்டிக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்த தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தத்தில் 7 சதவீதம் ஏறியிருந்தது. கணக்கு தொடங்கிய காலத்தைவிட ஆண்டுக்குச் சுமார் 128 கன கிலோமீட்டர் கூடுதல் தண்ணீர். சரி, மழையும் பனியும் கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? ஆனால் அதே படுகைகளில் இருந்த வானிலை நிலையங்களின் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு, யெனிசெயிலும் லேனாவிலும் அதற்கு ஈடான மழைப்பொழிவு உயர்வு கிடைக்கவில்லை. வரவு ஏறவில்லை, செலவு மட்டும் ஏறுகிறது. அப்படியென்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

உடனே எல்லோருக்கும் தோன்றுவது, உறைந்து கிடக்கும் மண் உருகி வந்த தண்ணீர் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த முடிவுக்குத் தாவுவதற்கு முன்னால் வரவுப் பக்கத்தில் எழுதியிருக்கும் எண் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க லேனா மாதிரி 24 லட்சம் சதுர கிலோமீட்டர் படுகை உதவாது, சின்ன இடம் வேண்டும். அப்படி ஒரு இடம் அலாஸ்காவின் வட சரிவில் இருக்கிறது.

ப்ரூக்ஸ் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் தொடங்கி, கரையோரச் சமவெளியைக் கடந்து பியூஃபோர்ட் கடலில் விழுகிறது குப்பாரக் ஆறு. படுகை சுமார் 8,000 சதுர கிலோமீட்டர், முழுக்கவே மரமில்லாத துந்திரா. அதன் மேல் பகுதியில், டூலிக் ஏரி ஆய்வு நிலையத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, இம்னாவைட் என்று ஒரு ஓடை. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி வெறும் 2.2 சதுர கிலோமீட்டர், ஒரு நாளில் நடந்தே சுற்றிவிடலாம். 1985 முதல் அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் கேன், லாரி ஹின்ஸ்மன் போன்றவர்கள் இந்த ஓடையின் வரவு செலவை வருடா வருடம் அளந்து வந்தார்கள். அப்புறம் அதே வேலையை மேல் குப்பாரக்குக்கும், கடலோரமாக இருக்கும் தட்டையான புதுலிகாயுக் படுகைக்கும் விரித்தார்கள். மலையடிவாரம், நடுப்பகுதி, கடலோரம் என்று ஒரே சரிவில் மூன்று விதமான நிலத்தை ஒப்பிட முடிந்தது. இதெல்லாம் முடிந்ததற்கு ஒரு எளிய காரணமும் உண்டு. ப்ரூடோ விரிகுடாவின் எண்ணெய்க்காக எழுபதுகளில் போட்ட டால்டன் சாலை இந்த இடங்களுக்குப் பக்கத்தில் போகிறது. வடக்கில் எந்த ஓடையைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும் என்பதை, அந்த ஓடை எவ்வளவு முக்கியம் என்பதைவிடச் சாலை எங்கே போகிறது என்பதே பெரிதும் முடிவு செய்திருக்கிறது.

முதல் பார்வைக்கு இங்கே கணக்குப் போடுவது சுலபம். நிலத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு மண் உறைந்து கிடக்கிறது. பெர்மாஃப்ராஸ்ட் என்று சொல்கிறார்களே, அதுதான். கோடையில் மேலே உள்ள அரை மீட்டர் அளவு மட்டும், சில இடங்களில் அதற்கும் குறைவாக, இளகும். அதற்குக் கீழே தண்ணீர் இறங்க வழியில்லை. நம் பக்கத்துப் படுகைகளில் பாதிச் சண்டை நிலத்தடி நீர் எங்கே போகிறது என்பதில்தான், இங்கே அந்தக் கேள்வி கிட்டத்தட்ட இல்லை. அடி அடைத்த தட்டில் தண்ணீர் ஊற்றி அளப்பது போல. மரம் இல்லை, விவசாயம் இல்லை, குப்பாரக்கில் அணையும் இல்லை. இவ்வளவு சுத்தமான இடத்திலும் கணக்கு இடிக்கிறது என்றால் பிழை அளவையில்தான் இருக்க வேண்டும்.

பெரிய பிழை முதல் வரியிலேயே இருக்கிறது. பனி.

மழைமானி என்பது வாய் திறந்த ஒரு பாத்திரம். மழைத்துளி கனமாக நேராக விழும், பாத்திரம் பிடித்துவிடும். பனித்துகள் அப்படி இல்லை, பஞ்சு மாதிரி மிதந்து வரும். பாத்திரத்தின் விளிம்பில் காற்று மோதி மேலெழும்பும்போது துகளையும் தூக்கிக்கொண்டு தாண்டிப் போய்விடும். காற்று கொஞ்சம் வலுத்தாலே, தடுப்பு இல்லாத மானி உண்மையில் விழுந்த பனியில் பாதிகூடப் பிடிக்காது. ஆர்க்டிக் கடற்கரையிலோ மரமும் இல்லை மேடும் இல்லை, காற்று ஓய்வதும் அபூர்வம். போதாததற்கு, ஏற்கெனவே தரையில் விழுந்த பனியைக் காற்று கிளப்பிக்கொண்டு வந்து சில நேரம் மானிக்குள் போடும், அது புது வரவு மாதிரி பதிவாகும். இன்னொன்று, அங்கே பல நாட்களில் விழுவது அளக்கவே முடியாத தூவல். பதிவேட்டில் 'சிறிதளவு' என்று எழுதிவிட்டுப் பூஜ்ஜியமாகக் கூட்டுவார்கள். மழை கொட்டும் ஊரில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆண்டு முழுவதுக்கும் சேர்த்தே இருநூறு முந்நூறு மில்லிமீட்டர் வரும் ஊரில், மாதக்கணக்கில் இப்படிச் 'சிறிதளவு' சேர்ந்தால் அது கணக்கில் வரவேண்டிய தண்ணீர்.

இதைச் சரிசெய்ய உலக வானிலை அமைப்பு 1986 முதல் 1993 வரை பல நாடுகளில் மானிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒப்பிடுவதற்கு உரைகல்லாக வைத்தது இரட்டை வேலி மானி. பன்னிரண்டு மீட்டர் அகலத்தில் எண்கோண மர வேலி, அதற்குள் நான்கு மீட்டரில் இன்னொரு வேலி, நடுவில் மானி. காற்று இரண்டு வேலியையும் தாண்டி உள்ளே வரும்போது தளர்ந்துபோயிருக்கும், பனி விழ வேண்டிய இடத்தில் விழும். ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு பெரிய கோட்டை கட்ட வேண்டியிருக்கிறது என்பதே சிக்கல் எவ்வளவு பெரிது என்பதைக் காட்டிவிடும். அந்த ஒப்பீட்டிலிருந்து, இன்ன மானியில் இன்ன வேகத்துக்கு இவ்வளவு கூட்டிக்கொள் என்று திருத்தச் சூத்திரங்கள் வந்தன. டாச்சிங் யாங் போன்றவர்கள் அதை அலாஸ்கா, கிரீன்லாந்து, சைபீரியாப் பதிவுகளுக்குப் போட்டுப் பார்த்தபோது குளிர்கால வரவு எல்லா இடத்திலும் ஏறியது, காற்று மிகுந்த கடற்கரைகளில் கடுமையாக ஏறியது.

சைபீரியாவுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சோவியத் நிலையங்கள் பழைய நிஃபர் தடுப்பு மானியைக் கைவிட்டு ட்ரெட்யாகோவ் மானிக்கு மாறின. புதியது பனியை இன்னும் நன்றாகப் பிடிக்கும். அதனால் பதிவேட்டில் மழைப்பொழிவு திடீரென்று கூடியது போலத் தெரியும், பாத்திரம்தான் மாறியதே தவிர வானம் மாறவில்லை. பாத்திரம் மாறியது, காற்று காலப்போக்கில் தளர்ந்தது, அளக்கும் முறை மாறியது என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனால்தான் வரவு கூடியதா இல்லையா என்றே கேட்க முடியும். திருத்தாத பதிவை வைத்துக்கொண்டு 'மழை கூடவில்லை, ஆகவே உறைமண் உருகுகிறது' என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபமே வரும்.

மானியை நம்ப முடியாது என்பதால் குப்பாரக் ஆட்கள் வேறு வழிக்குப் போனார்கள். விழும்போது பிடிக்க முடியவில்லை, சரி, விழுந்து கிடப்பதை அளந்துகொள்ளலாம். அங்கே அக்டோபரிலிருந்து மே வரை பெரும்பாலும் பனி உருகாது, குளிர்காலம் முழுக்க விழுந்தது தரையிலேயே அடுக்காகச் சேர்ந்திருக்கும். ஏப்ரல் கடைசியில், உருகத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், பனி வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் கிளம்பிப் போவார்கள். ஒவ்வொரு இடத்திலும் 'ட' வடிவத்தில் நடந்துகொண்டே மீட்டருக்கு ஒரு தடவை கம்பியைக் குத்தி ஆழம் பார்ப்பார்கள், மொத்தம் ஐம்பது குத்து. பிறகு ஐந்து இடத்தில் குழாயை நேராக இறக்கி, பனியைத் தூணாக வெட்டி எடுத்து எடை போடுவார்கள். மேலே காற்று அடித்து அடித்துப் பலகை மாதிரி இறுகிய அடுக்கு, அதைக் குழாயின் பல் கறகறவென்று அறுத்துக்கொண்டு போகும். கீழே சர்க்கரைக் குருணை மாதிரி ஒட்டாத பெரிய படிகங்கள், குழாயைத் தூக்கினால் பொலபொலவென்று கொட்டிவிடும். அதனால் குழாயை இன்னும் கொஞ்சம் அழுத்தி அடியில் இருக்கும் பாசியில் செருக வேண்டும். அந்தப் பாசி தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும், படிகம் சிந்தாது. மேலே எடுத்த பிறகு பாசியைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பனியை மட்டும் நிறுக்க வேண்டும். ஆழம் 48 சென்டிமீட்டர், அடர்த்தி தண்ணீரில் நூற்றுக்கு 26 என்று வந்தால், அந்த இடத்தில் கிட்டத்தட்ட 125 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று பொருள்.

இதிலும் பிழை இருக்கிறது. ஆழம் பார்க்கும் கம்பி மெத்தென்ற பாசிக்குள் இறங்கிவிடும், ஆழம் கூடுதலாகத் தெரியும். காற்று பனியைப் பள்ளத்தில் குவித்து மேட்டை வழித்துவிடும், ஐம்பது குத்தில் எத்தனை பள்ளத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து சராசரி ஆடும். எல்லாவற்றுக்கும் மேல், இது குளிர்கால வரவு ஆகாது, மீதிதான். இடையில் காற்றில் பறந்தபடியே நேராக ஆவியானது எவ்வளவு என்று தெரியாது. தட்டில் வைத்த கற்பூரம் உருகாமலே கரைந்து போகிறதே, பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல் என்று படித்தது, அதே சங்கதி. பறக்கும் பனித்துகளைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்று படுவதால் அது இன்னும் வேகமாக நடக்கும். ஆனாலும் நீரியல்காரருக்கு இந்த மீதிதான் முக்கியம், வசந்தத்தில் ஆற்றுக்கு வரப்போவது இதுதானே.

அந்த வசந்தம் ஒரு பாய்ச்சலில் வந்து போகும். மே கடைசியில் சூரியன் மறையாமல் சுற்றத் தொடங்கும். வெள்ளைப் பனி வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால் முதலில் மெதுவாகத்தான் உருகும், ஒரு இடத்தில் கறுப்புத் தரை தெரிந்துவிட்டால் அது வெப்பத்தை உறிஞ்சிப் பக்கத்தையும் இளக்கும், அப்புறம் பிடிக்க முடியாது. எட்டு மாதம் சேர்ந்தது ஒன்றிரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். அடியில் மண் உறைந்திருப்பதால் பெரும்பகுதி மேலோடே ஓடிவிடும். புதுலிகாயுக் மாதிரித் தட்டையான கடலோரப் படுகையில் ஆண்டின் ஓட்டம் கிட்டத்தட்ட முழுவதும் இந்த நாட்களில்தான்.

ஆற்றில் ஓடுவதை அளப்பது நான்கு இனங்களில் சுலபமானது என்று பாடப்புத்தகம் சொல்லும். நீர்மட்டம் இவ்வளவு என்றால் ஓட்டம் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு, மட்டத்தை மட்டும் பதிவு செய்தால் போதும். ஆனால் ஆண்டின் பெரும்பகுதித் தண்ணீர் ஓடும் அந்த வாரத்தில்தான் அட்டவணை பொய்யாகிறது. ஓடையின் தடம் முழுக்கப் பனி அடைத்துக் கிடக்கும், உருகிய நீர் அதற்குப் பின்னால் குளமாகத் தேங்கி, ஒரு நாள் அணை உடைந்த மாதிரி வெளியே வரும். பெரிய ஆற்றில் தண்ணீர் கீழே ஒட்டியிருக்கும் பனிக்கட்டியின் மேல் ஓடும். மட்டம் உயரமாகத் தெரியும், ஓட்டம் அவ்வளவு இருக்காது. ஆகையால் யாராவது முழங்கால் காலணியோடு அந்த உறைகுளிர் நீரில் இறங்கி, பனிக்கட்டிப் படுக்கையின் மேல் நின்று, கரைக்குக் கரை வேகமானியால் அளந்தே ஆக வேண்டும், அதுவும் நாளுக்குப் பல தடவை, ஏனென்றால் மதியம் உருகியது சின்ன ஓடையில் ராத்திரிக்குள் ஏறி இறங்கிவிடும். பத்து சதவீதத்துக்குள் பிழை என்றால் நல்ல அளவை என்று மற்ற இடங்களில் சொல்வார்கள். இங்கே உருகும் வாரத்தில் அதைத் தொடுவதே பெரும்பாடு.

கோடையில் கதை தலைகீழ். ஆவியாதல்தான் அப்போது பெரிய செலவு. கடலோரச் சமவெளியில் கோடை மழையைவிட ஆவியாவது அதிகம், குட்டைகள் வற்றிச் சுருங்கும். அடுத்த வசந்தத்தில் உருகும் பனி முதலில் இந்தப் பள்ளத்தை நிரப்பும், நிரம்பி வழிந்த பிறகுதான் ஆற்றுக்கு வரும். ஆகவே இந்த ஆண்டு ஆற்றில் எவ்வளவு ஓடும் என்பதை இந்த ஆண்டுப் பனியோடு போன ஆண்டுக் கோடையின் வறட்சியும் சேர்ந்து முடிவு செய்கிறது. மலையடிவாரத்தில் வேறு மாதிரி. அங்கே சரிவில் வரிவரியாக ஈரத் தடங்கள் இறங்கும், மேலிருந்து பார்த்தால் சீப்பால் வாரின மாதிரி இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் பாசிக்குள் ஊறி அந்தத் தடங்கள் வழியாக இறங்கும். பாசி நிறைந்துவிட்டால் அதற்கு மேல் தாங்காது, கீழே உறைமண். 1999 ஜூலையில் மேல் குப்பாரக்கில் வந்த மழை வெள்ளம், பனி உருகும் வெள்ளம்தான் அங்கே எப்போதும் பெரியது என்ற எண்ணத்தை மாற்றியது.

இந்த ஆவியாதலை எப்படி அளக்கிறார்கள்? பல ஆய்வுகளில் அளப்பதே இல்லை. வரவிலிருந்து ஓட்டத்தைக் கழித்து, மிச்சம் ஆவி என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய ஆட்சேபணை. ஒரு கற்பனைப் படுகையை வைத்துப் பார்ப்போம். உண்மையில் விழுந்த பனி 130 மில்லிமீட்டர், மழை 220, மொத்தம் 350. ஆற்றில் ஓடியது 180. கையிருப்பு மாறவில்லை என்றால் ஆவியானது 170. இப்போது மானி பனியில் பாதியையும் மழையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தும் பிடித்தது என்று வையுங்கள். வரவு 65ம் 198ம் சேர்த்து 263. ஓட்டத்தைக் கழித்தால் ஆவி 83. பாதியாகிவிட்டது! துந்திராச் செடிகள் எதுவும் மாறவில்லை, வெயில் மாறவில்லை, ஒரு பாத்திரத்தின் குறை அப்படியே செடியின் தலையில் ஏறிவிட்டது. மிச்சமாக வரும் எண்ணில் மற்ற மூன்று இனங்களின் பிழையும் குவிந்திருக்கும், பார்த்தால் தெரியாது, ஏனென்றால் அந்தக் கணக்கு எப்போதும் அச்சாக நேராகிவிடும். இம்னாவைட்டின் மதிப்பு இங்கேதான். வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றை அளந்து வெப்பக் கணக்கின் வழியாக ஆவியாதலைத் தனியாக மதிப்பிட்டு, அதன் பிறகு நீர்க் கணக்கோடு வைத்துப் பார்த்தார்கள். எவ்வளவு துண்டு விழுகிறது என்று வெளிப்படையாகத் தெரிந்தது. துண்டு விழுந்த கணக்கைத்தான் நான் நம்புவேன்.

கையிருப்பு மாறவில்லை என்று மேலே சுலபமாகச் சொல்லிவிட்டேன், அதுவும் வடக்கில் அவ்வளவு நிச்சயம் இல்லை. உறைமண்ணின் இடுக்கில் ஊற்றுகள் உண்டு, குளிர்காலத்திலும் கசிந்துகொண்டிருக்கும். கசிந்த நீர் ஆற்றுப்படுகையில் ஏறி உறையும், அதன் மேல் அடுத்த நீர் ஏறி உறையும், இப்படி மீட்டர் கணக்கில் தடித்த பனிக்கட்டிப் பாளமாகப் பரவும். ஆஃபைஸ் என்று பெயர். ஓட்டப் பதிவேட்டில் குளிர்காலத்துக்குப் பூஜ்ஜியம் என்று இருக்கும், தண்ணீர் கடலுக்குப் போகவில்லைதான், ஆனால் காணாமலும் போகவில்லை. 2015இல் குப்பாரக்குக்குக் கிழக்கே உள்ள சாகவானிர்க்டோக் ஆற்றில் இது ஊர் அறிய நடந்தது. குளிர்காலக் கடைசியில் பனிக்கட்டி மேல் ஏறி வந்த நீர் டெட்ஹார்ஸ் என்ற எண்ணெய் வயல் ஊரின் பக்கம் டால்டன் சாலையை மூடியது, மே மாதம் உருகும் வெள்ளம் வந்தபோது வழக்கமான தடம் பாளத்தால் அடைபட்டிருந்ததால் தண்ணீர் சாலையையே அறுத்துக்கொண்டு போனது. எண்ணெய் வயலுக்குத் தரைவழி துண்டித்து இரண்டு வாரத்துக்கும் மேல் லாரிகள் நின்றன.

இப்போது சைபீரியாவுக்குத் திரும்புவோம். கூடுதல் 128 கன கிலோமீட்டருக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று நான்கு. அணைகள், உறைமண் உருகல், காட்டுத்தீயால் மரம் அழிந்து ஆவியாதல் குறைவது, வளிமண்டலம் கூடுதல் ஈரத்தை வடக்கே கொண்டுவருவது. 2004இல் ஜேம்ஸ் மெக்லேலண்டும் மற்றவர்களும் முதல் மூன்றையும் ஒவ்வொன்றாக எடைபோட்டார்கள். அங்காரா, யெனிசெய், வில்யூய் அணைகள் கோடை நீரைப் பிடித்துக் குளிர்காலத்தில் விடுகின்றன, பருவம் மாறுகிறதே தவிர ஆண்டு மொத்தம் ஏற அது காரணமில்லை. உறைமண் அதிகம் உள்ள படுகையில்தான் ஓட்டம் அதிகம் ஏறியது என்றும் இல்லை. தீயும் அந்த அளவுக்குப் போதவில்லை. மிஞ்சியது வானம்.

வானத்தை மானி இல்லாமல் அளக்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. படுகையின் எல்லையைச் சுற்றி வானம் வரை ஒரு சுவர் எழுப்பியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பலூன் அளவைகளும் கணினி வானிலை மாதிரிகளும் அந்தச் சுவர் வழியாக எவ்வளவு நீராவி உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று சொல்லும். வந்ததில் போனதைக் கழித்தால், விழுந்ததில் ஆவியானதைக் கழித்த எண் நேராகவே கிடைத்துவிடும். பனியைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டாம், பாசியின் ஆவியாதலையும் தனியாக அளக்க வேண்டாம். இப்படிப் பார்த்தபோது வடக்கு நோக்கி வரும் ஈரம் கூடியிருப்பதும், அது ஆறுகளின் ஏற்றத்தோடு ஒத்துப்போவதும் தெரிந்தது. தரையில் மானிகள் காணாமல் விட்டதைக் காற்றில் கண்டுபிடித்தார்கள்.

கையிருப்புக்கும் புதிய வழி வந்தது. 2002 மார்ச்சில் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள் இரட்டையர் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன் பின் ஒன்றாகப் பறந்து, கீழே இருக்கும் எடை மாறும்போது அந்த இடைவெளியில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை அளந்தன. 2018 முதல் அவற்றின் வாரிசுகள் அதைச் செய்கின்றன. லேனா படுகையில் உறைமண் விட்டுவிட்டு இருக்கும் பகுதிகளில் நிலத்தடிச் சேமிப்பு கூடிக்கொண்டு வந்ததை முதல் பத்தாண்டுப் பதிவே காட்டியது. உறைமண் இளகி, தண்ணீருக்கு உள்ளே இடம் கிடைத்திருக்கிறது என்பது ஒரு விளக்கம். அதே சமயம் வட யூரேசிய ஆறுகள் பலவற்றில் குளிர்காலக் குறைந்தபட்ச ஓட்டம் ஏறியிருக்கிறது, நிலத்துக்கு அடியில் போன நீர் மெதுவாகத் திரும்பி வருகிறது என்று அதைச் சேர்த்துப் படிக்கலாம். ஆக, உறைமண் மாறுவது உண்மை, ஆனால் அது செய்வது பெரும்பாலும் தண்ணீர் போகும் பாதையையும் நேரத்தையும் மாற்றுவது, ஆண்டு மொத்தத்தைக் கூட்டுவது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் பல கட்டுரைகள் தடம் மாறின.

ஆனால் கிரேஸ் பார்ப்பது சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு எண். குப்பாரக் முழுப் படுகையும் அதில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும், இம்னாவைட் இருக்குமிடமே தெரியாது. பெரிய எண்ணைச் சரிபார்க்க சின்ன ஓடைகளின் தொடர்ந்த பதிவு வேண்டும், எண்பதுகளின் நடுவுக்குப் பிறகு வடக்கில் ரஷ்யாவிலும் கனடாவிலும் மூடப்பட்டவற்றில் பல அந்த மாதிரி நிலையங்கள்தான். ஆர்க்டிக் கடல் உலகக் கடல் நீரில் நூற்றுக்கு ஒரு பங்குதான், ஆனால் உலக ஆறுகள் கடலில் சேர்க்கும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் விழுகிறது. மேலே மிதக்கும் அந்த நன்னீர்ப் படலம்தான் கடல்பனி உறைவதையும் வட அட்லாண்டிக்கின் ஆழ நீரோட்டத்தையும் பாதிக்கிறது. இந்த நன்னீர் இனி எவ்வளவு கூடும் என்று சொல்லும் மாதிரிகள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு இடத்தில் பனியின் எடை தேவைப்படுகிறது. அந்த எடையைச் சொல்ல, ஏப்ரல் கடைசியில் யாராவது ஒருவர் போன வருடம் நின்ற அதே இடத்தில் போய் நின்று, ஐம்பது தடவை கம்பியைக் குத்தி, குழாயின் அடியிலிருந்து பாசியைச் சுரண்டி எறிய வேண்டியிருக்கிறது.